கால்விரல் அறுவைக்குப் பின் சர்க்கரை நோயாளிக்கு வீட்டில் கட்டு மாற்றும் முறை

சர்க்கரை நோயால் புண் ஆறாமல், அம்மாவின் இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய பின் ஏழு வாரம் நாள்தோறும் நானே கட்டு மாற்றினேன். இங்கே நான் சொல்வது தையல் போடாமல் திறந்து விடப்பட்ட புண்ணுக்கு மட்டுமே பொருந்தும். எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது, எந்த மருந்து வைப்பது என்பவற்றில் உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதே முடிவு.

புண் கழுவப் பயன்படும் கிருமி நீக்கிய உப்புநீரான நார்மல் சலைனை 100 மில்லி பாட்டிலாகவே வாங்குங்கள். திறந்த பாட்டிலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், பெரிய பாட்டிலில் பாதிக்கு மேல் வீணாகும். கிருமி நீக்கிய காஸ் (மெல்லிய வலைத்துணி) பாக்கெட், கையுறை, சுருள் கட்டுத்துணி, பேப்பர் பிளாஸ்டர் ஆகியவை போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாக்கெட்டுகளையெல்லாம் முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டுக் கையுறையை மாட்டுங்கள்.

இனி, நான் தடுக்கி விழுந்த இடம். பழைய கட்டைப் பிரிக்கும்போது அடிக் காஸ் காய்ந்து ஒட்டியிருந்தது. முதல் வாரம் அதை அப்படியே இழுத்து எடுத்தேன். அம்மா காபி குடித்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தபடி இருந்தார், முகம்கூடச் சுளிக்கவில்லை. வலிக்கவில்லை என்று நான் மகிழ்ந்தேன். காஸைத் திருப்பிப் பார்த்தபோதுதான், புதிதாக முளைத்திருந்த செந்நிறச் சதை அதில் பிய்ந்து வந்திருப்பது தெரிந்தது. நீண்டகாலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளை மழுங்கடித்துவிடுவதால், நோயாளியின் முகத்தை அளவுகோலாகக் கொள்ள முடியாது. காஸ் முழுதும் நனையும்படி சலைனை ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி மெல்ல உயர்த்துங்கள். இன்னும் ஒட்டினால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள்.

கழுவுவதற்கும் சலைன் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாவதுபோல் தோன்றும். ஆனால் அது புதுச் சதையின் செல்களையும் சேர்த்தே கொல்கிறது. பிறகு சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸைப் புண்ணின் அளவுக்கு மட்டும் மடித்து வைத்து, மேலே உலர்ந்த காஸை அடுக்குங்கள். நான் ஒருமுறை சொட்டச் சொட்ட வைத்துவிட்டேன். இரண்டே நாளில் புண்ணைச் சுற்றிய தோல், நெடுநேரம் துணி துவைத்த விரல் நுனியைப்போல் வெளுத்து ஊறிப்போயிற்று. சுற்றும் கட்டு இறுகக் கூடாது. மற்ற விரல்கள் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள்.

நரம்புக் கோளாறால் பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். அந்த வெடிப்பே அடுத்த புண்ணுக்கு வாசலாகிவிடும். ஆகவே குதிகாலிலும் கணுக்காலிலும் ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள். புண்ணின் மீதும் விரல் இடுக்குகளிலும் மட்டும் அது வேண்டாம்.

கட்டு மாற்றும்போதெல்லாம் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சிவப்பு பரவுதல், வீக்கம், சூடு, சீழ், கெட்ட வாடை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொற்று முற்றியும் காய்ச்சல் வராதவர்கள் உண்டு. உணவும் மருந்தும் மாறாமலே அம்மாவின் காலைநேரச் சர்க்கரை அளவு 160-லிருந்து 280-க்குத் தாவிய நாளில் கிளம்பிப் போனோம். உள்ளே சீழ் கட்டியிருந்தது.

பின்சேர்க்கை: மஞ்சள்தூளோ காபித்தூளோ வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வைக்கக் கூடாது, அவை கிருமி நீக்கியவை அல்ல, புண்ணின் நிறத்தையும் மறைத்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், உணர்வற்ற கால் வெந்துபோனாலும் தெரியாது. இன்னொருவர், எல்லாம் சரியாகச் செய்தும் புண் சிறிதாகவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால், அவருடைய தந்தை கட்டுப் போட்ட காலுடனேயே கழிவறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். உடல் எடை புண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எந்தக் கட்டும் பயன் தராது. வாக்கரையோ, அழுத்தம் குறைக்கும் காலணியையோ மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.