குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவா? கண்டுபிடிக்கும் வழி

குழந்தைகளுக்கான ஹார்மோன் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். உயரம் அளப்பதும், குரோத் ஹார்மோன் பரிசோதனை நாளில் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து ரத்தம் எடுப்பதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. "வயசுக்கேத்த உயரம் இல்லை, ஹார்மோன் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வரும் பெற்றோரிடம், பழைய அளவுகள் ஏதாவது இருக்கிறதா என்றுதான் திருப்பிக் கேட்பேன். தடுப்பூசி அட்டை, பள்ளியில் எடுத்த மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, கதவு நிலையில் போட்ட பென்சில் கோடு, எதுவானாலும் சரி. பக்கத்தில் தேதி இருந்தால் போதும்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை நாள் முழுக்க ஒரே சீராக விடுவதில்லை. விட்டு விட்டுச் சுரக்கிறது, அதிலும் பெரும்பகுதி இரவில் ஆழ்ந்து தூங்கும்போது. பகலில் ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்தால், நன்றாக வளர்கிற குழந்தைக்குக்கூட கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வரும். அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழந்தை வருடத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறது என்பதே முதல் தடயம். அது தெரியாமல் மற்ற எந்தப் பரிசோதனையையும் சரியாகப் படிக்க முடியாது.

ஆகவே அளப்பதில் இருந்து தொடங்குவோம். இரண்டு வயது வரை படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலையை மேல் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்திக் கால்களை நீட்டி, பாதத்தோடு பலகையைச் சேர்க்க வேண்டும். அப்புறம் நிற்கவைத்து அளக்கலாம். படுத்து எடுத்த அளவு, நின்று எடுத்ததைவிட சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறும்போது வளர்ச்சி நின்றுவிட்டதுபோலத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

நிற்கும்போது காலணி, சாக்ஸ் கழற்றியாக வேண்டும். உச்சிக் கொண்டை, கிளிப், தடித்த ஹேர்பேண்ட் எல்லாம் அவிழ்க்க வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட, கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் நிற்கட்டும். கொஞ்சம் உயரமாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகள் மோவாயைத் தூக்குவார்கள்; தூக்கினால் உயரம் குறையும் என்று சொல்லிவிட்டால் உடனே இறக்கிவிடுவார்கள். வீட்டில் என்றால், ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்து உச்சந்தலைவரை இறக்கிக் கோடு போடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. முதுகெலும்புத் தட்டுகள் அழுந்துவதால், காலையில் இருந்த உயரத்தில் சுமார் ஒரு செ.மீ. மாலைக்குள் குறைந்துவிடலாம்.

அடிக்கடி அளக்காதீர்கள். அளப்பதில் அரை சென்டிமீட்டர் பிசகு யாருக்கும் வரும். மூன்று மாத இடைவெளியில் அளந்து நான்கால் பெருக்கினால், அந்த அரை சென்டிமீட்டர் வருடக் கணக்கில் இரண்டு சென்டிமீட்டராகிவிடும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் இடைவெளி விடுங்கள். ஆறு வயதில் 104.0 செ.மீ., ஒன்பது மாதம் கழித்து 106.7 என்றால், வளர்ந்தது 2.7. அதை ஒன்பதால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 3.6 செ.மீ. இது குறைவு.

எவ்வளவு வளர்ந்தால் சரி? முதல் வருடம் சுமார் 25 செ.மீ., இரண்டாம் வருடம் 12, மூன்றாம் வருடம் 8. நான்கு வயதிலிருந்து பருவம் எட்டும்வரை வருடத்துக்கு ஐந்து, ஆறு. இந்த வயதில் வருடத்துக்கு 4 செ.மீ.க்கும் கீழே போனால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு வேகம் கொஞ்சம் தணிவது இயல்பு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளை வளர்ச்சி வரைபடத்தில் குறித்தால், வகுப்பிலேயே குட்டையான பிள்ளை 3ஆவது சதமானக் கோட்டுக்கு (அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் மூன்று பேர் மட்டும் இதற்குக் கீழே இருப்பார்கள்) கொஞ்சம் கீழே, அதற்கு இணையாகவே வருடா வருடம் ஏறிக்கொண்டிருப்பது தெரியலாம். இன்னொரு பிள்ளை நடுக்கோட்டில் இருந்து மூன்று வருடத்தில் இரண்டு கோடு இறங்கியிருப்பான். பார்க்க இன்னும் குட்டையாகவே தெரியமாட்டான். எனக்குக் கவலை தருவது இரண்டாமவன்தான். இரண்டு வயதுக்குள் கோடு மாறுவது வேறு விஷயம், அப்போது பல குழந்தைகள் தங்கள் பரம்பரைக்குரிய பாதைக்கு இடம் மாறுகிறார்கள்.

அடுத்து பெற்றோரின் உயரம். பிள்ளை வளர்ந்து முடித்ததும் ஏறக்குறைய எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை இதிலிருந்து சென்டிமீட்டரில் கணக்கிடலாம். பையன் என்றால் அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 13 கழித்து வகுக்க வேண்டும். அப்பா 170, அம்மா 152 என்றால் பையனுக்கு 167.5, பெண்ணுக்கு 154.5, இதற்கு மேலும் கீழும் சுமார் 8.5 செ.மீ. வரை இயல்பு. வாயால் சொல்லும் உயரத்தை நான் எழுதிக்கொள்வதில்லை, இருவரையும் நிறுத்தி அளப்பேன். அப்பாக்களில் பலர் அந்தப் பலகையின் கீழ் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழப்பார்கள். இன்னொன்று: பெற்றோரில் ஒருவர் மிக மிகக் குட்டை என்றால் "பரம்பரை" என்று விட்டுவிடக் கூடாது. அவருக்கே கண்டுபிடிக்கப்படாத ஒரு மரபணுக் கோளாறு இருக்கலாம்.

வேகம் குறைவு என்று உறுதியானபிறகும் டாக்டர்கள் நேரே வளர்ச்சி ஹார்மோனுக்குப் போகமாட்டார்கள். அதைவிடச் சாதாரணமான காரணங்களை முதலில் விலக்க வேண்டும். தைராய்டு, ரத்த அணுக்கள், உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிறுநீரகம், கல்லீரல், உப்புகள், பைகார்பனேட், கால்சியம், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் குடல் நோய்க்கான எதிரணுக்கள் என்று ஒரு வரிசை எடுப்பார்கள். பெண் குழந்தைக்கு, வெளியில் எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும், டர்னர் நோய்க்குறி (ஒரு X குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருப்பது) இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும். சுமார் 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. மருந்து கொடுத்து ஹார்மோனைச் சுரக்கவைக்கும் தூண்டல் பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு இது கடைசியில் தெரியவருவது குழந்தைக்குச் செய்கிற அநியாயம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், தோலுக்குக் களிம்பு, மாத்திரை என்று எந்த வடிவத்தில் ஸ்டீராய்டு எடுத்தாலும் சொல்லிவிடுங்கள்.

எடையும் நல்ல துப்பு தரும். சாப்பாடு போதாமலோ குடல் நோயாலோ வளர்ச்சி குன்றினால், முதலில் எடை விழும், பிறகு உயரம். ஹார்மோன் கோளாறில் உயரம் தேங்கும், எடை தேங்காது. வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தைகள் பலர் வயிற்றைச் சுற்றிச் சதையோடு, வயதுக்குச் சிறிய பொம்மை முகத்தோடு இருப்பார்கள். பல்லும் தாமதமாக முளைக்கலாம்.

பிறகு இடது கை, மணிக்கட்டின் எக்ஸ்ரே. எலும்பு வயதை, அதாவது எலும்பு எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க ஒரே ஒரு படம் போதும். எலும்பு வயது உண்மையான வயதோடு ஒத்துப்போய், வேகமும் சரியாக இருந்தால் குடும்ப வாகு. எலும்பு வயது பின்தங்கி, ஆனால் வேகம் சரியாக இருந்தால் தாமதமாகப் பருவமடையும் ரகம். அப்பா கல்லூரிக்குப் போனபிறகுதான் வளர்ந்தார் என்று பாட்டி சொல்வது இங்கே மருத்துவத் தகவல். எலும்பு வயதும் பின்தங்கி வேகமும் குறைந்தால்தான் ஹார்மோன் பக்கம் சந்தேகம் வலுக்கும்.

அடுத்து ஐஜிஎஃப்-1. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உருவாகும் பொருள் இது. ரத்தத்தில் நாள் முழுக்க ஓரளவு ஒரே அளவில் இருக்கும், அதனால் எந்த நேரத்திலும் எடுக்கலாம். ஆனால் ஊட்டச்சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, கல்லீரல் நோய் இருந்தாலும் அது குறையும். சின்ன வயதில் இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதால், வயதுக்கும் பாலினத்துக்கும் பருவ நிலைக்கும் உரிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே, அதைச் சுமந்து செல்லும் புரதமான ஐஜிஎஃப்பிபி-3 அளவு கூடுதல் உதவி.

இத்தனைக்கும் பிறகுதான் தூண்டல் பரிசோதனை. தூங்கிக்கிடக்கும் சுரப்பியை ஒரு மருந்தால் தட்டி எழுப்பி, எவ்வளவு சுரக்கிறது என்று பார்ப்பது. தைராய்டு குறைவு இருந்தால் அதை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் முடிவு பொய்யாகக் குறைவாக வரும். அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலும் குறைவு என்றால் தைராய்டு மாத்திரைக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும்; வரிசை மாறினால் ஆபத்து. பதினொரு வயது கடந்தும் பருவம் தொடங்காத பையன்களுக்கும், பத்து வயது கடந்தும் பருவம் தொடங்காத பெண்களுக்கும், பரிசோதனைக்கு முன் சில நாட்கள் பாலின ஹார்மோன் கொடுப்பதுண்டு. சுரப்பி நல்ல நிலையில் இருந்தும் சோம்பலாகப் பதில் சொல்லும் வயது அது. உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்று கேளுங்கள்.

அன்று வெறும் வயிற்றில் வர வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முந்தைய இரவோ காலையிலோ காய்ச்சல் அடித்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். கேனுலா என்ற மெல்லிய குழாயை ஒரு தடவைதான் குத்துவோம், மரத்துப்போகும் களிம்பு தடவிக் காத்திருந்தால் அதுவும் அவ்வளவாக வலிக்காது. பிறகு எடுக்கும் ரத்தமெல்லாம் அதன் வழியாகத்தான். தூண்டும் மருந்து குளோனிடின் என்றால் பிள்ளை தூங்கி வழியும், ரத்த அழுத்தம் இறங்கும். கழிப்பறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். குளுகோகான் என்றால் மூன்று மணி நேரம் ஆகும், குமட்டலும் வாந்தியும் வரலாம், கடைசியில் சர்க்கரை இறங்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் சாப்பிட்டு, சர்க்கரை பார்த்தபிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம். இன்சுலினில் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்குகிறோம். குளுக்கோஸ் ஊசி தயாராக, டாக்டர் அருகில் இருக்கும் இடத்தில் மட்டுமே அது செய்யப்பட வேண்டும். வலிப்பு வந்த குழந்தைக்கு வேண்டாம். படக்கதைப் புத்தகம், போர்வை, மாற்றுடை கொண்டுவந்தால் என் பாதி வேலை குறையும்.

ரிப்போர்ட்டில் நான்கைந்து எண்கள் இருக்கும். பார்க்க வேண்டியது அதில் உச்சமானதை. நானோகிராம்/மில்லி, மைக்ரோகிராம்/லிட்டர் என்று அலகு வேறாக இருந்தாலும் எண் ஒன்றுதான். நெடுங்காலமாக 10க்குக் கீழ் என்றால் குறைவு என்று வைத்திருந்தார்கள். இன்றைய கருவிகளுக்கு ஏற்ப 7 என்று வைக்கும் இடங்களும் உண்டு. 9.6 வந்தவருக்குக் குறைபாடு, 10.2 வந்தவருக்கு இல்லை என்பது இயற்கை போட்ட கோடு அல்ல. நன்றாக வளரும் குழந்தைகளிலேயே பலர் ஒரு பரிசோதனையில் தோற்பார்கள், பருமனான குழந்தைக்கு உச்சம் குறைவாகவே வரும். இதனால்தான் வெவ்வேறு மருந்துகளால் இரண்டு பரிசோதனை செய்து, இரண்டிலும் குறைந்தால் மட்டும் ஏற்கிறார்கள். பிட்யூட்டரியில் ஏற்கெனவே கோளாறு தெரிந்து, மற்ற ஹார்மோன்களும் குறைந்திருந்தால் ஒன்றே போதும். எண் மோசம், ஆனால் பிள்ளை வருடத்துக்கு 6 செ.மீ. வளர்கிறான் என்றால், நான் பிள்ளையை நம்புவேன். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

உறுதியானதும் எம்ஆர்ஐ எடுப்பார்கள். பிட்யூட்டரி சிறுத்திருக்கிறதா, அதன் தண்டு அறுந்திருக்கிறதா, பின்பகுதி இடம் மாறியிருக்கிறதா, கட்டி ஏதும் உண்டா என்று அதில் தெரியும்.

வரிசையெல்லாம் பார்க்காமல் உடனே ஓட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்குவது, திடீரென்று தாகமும் சிறுநீரும் அதிகமாவது, இவற்றோடு வளர்ச்சியும் தேங்கினால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கு மீண்டும் மீண்டும் சர்க்கரை குறைவது, மஞ்சள் காமாலை நீடிப்பது, ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருப்பது, அண்ணப்பிளவு, மேல்வரிசையில் நடுவில் ஒற்றைப் பல் ஆகியவையும் அப்படியே. பிறந்த முதல் வாரத்தில் மட்டும், சாதாரணமாக எடுத்த ஒற்றை ஹார்மோன் அளவுக்கும் அர்த்தம் உண்டு, அந்த நாட்களில் அது இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால். சர்க்கரை குறைந்த பச்சிளங்குழந்தைக்கு அது 5க்குக் கீழே இருந்து, பிட்யூட்டரிக் கோளாறின் வேறு அடையாளமும் இருந்தால் டாக்டர்கள் தூண்டல் பரிசோதனைக்குக் காத்திருக்கமாட்டார்கள்.

சிகிச்சையாக வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்கினாலும் ரிப்போர்ட் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளர்ந்து முடித்தபிறகு, ஊசியைக் குறைந்தது ஒரு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதிப்பார்கள். எம்ஆர்ஐ சரியாக இருந்து, இந்த ஒரு ஹார்மோன் மட்டும் குறைந்திருந்த பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அப்போது சுரப்பு இயல்பாகவே இருக்கிறது. முதல் பரிசோதனையின் எண்கள், எந்த மருந்தால் தூண்டினார்கள், எந்த ஆய்வகம் என்பதெல்லாம் அன்று தேவைப்படும்.