டெல்டா கிராமத்து வீட்டுக்கு ஆன்லைனில் சீலிங் ஃபேன்: முகவரி போடுவதிலிருந்து பணம் திரும்ப வாங்குவது வரை

தஞ்சாவூர், கும்பகோணம் டவுனுக்குள் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு பெரிதாகத் தேவைப்படாது. வலங்கைமான், நீடாமங்கலம், குத்தாலம், திருத்துறைப்பூண்டி பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களிலிருந்து, அமேசான், ஃப்ளிப்கார்ட் மாதிரிப் பெரிய தளங்களில் முதல் தடவை வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்குச் சீலிங் ஃபேனை எடுத்திருக்கிறேன். வழியில் வளையக்கூடிய பொருள், வாரண்டி உள்ள பொருள், ஆள் வைத்து மாட்ட வேண்டிய பொருள். இதை ஒழுங்காக வாங்கிவிட்டால் மிக்ஸி, குக்கரெல்லாம் சுலபம்.

ஆப் இறக்குவது, கணக்குத் தொடங்குவதை விட்டுவிடுகிறேன். இரண்டு ஆப்பிலும் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தேடும்போது ஆங்கிலத்திலேயே தட்டுங்கள், தேடல் முடிவு சரியாக வரும்.

1. பொருளுக்கு முன்னால் பின்கோடு

ஆப்பின் மேல்பக்கம் பின்கோடு கேட்கும். தேட ஆரம்பிக்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். எந்த விற்பனையாளர் உங்கள் ஊருக்கு அனுப்புவார், எத்தனை நாளாகும், கேஷ் ஆன் டெலிவரி உண்டா, திருப்பிக் கொடுத்தால் வீட்டுக்கு வந்து எடுப்பார்களா என்பதெல்லாம் அந்த ஆறு இலக்கத்தை வைத்துத்தான் முடிவாகிறது.

பலர் தாலுகா தலைமையிடத்தின் பின்கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். மன்னார்குடி தாலுகா என்பதற்காக எல்லோரும் 614001 ஆகிவிட மாட்டார்கள். உங்கள் தபால் எந்த அஞ்சலகம் வழியாக வருகிறதோ, அதன் எண்தான் உங்கள் எண். ஒரே பின்கோட்டில் பல கிராமங்கள் இருக்கும். பக்கத்து ஊருக்கு வேறு எண்ணாகவும் இருக்கலாம். சந்தேகமிருந்தால் ஆதார் அட்டையைப் பார்ப்பதைவிட தபால்காரரைக் கேட்பது மேல்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பவே கூடாது. பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருக்கிறது, திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. குரு ஸ்தலமான ஆலங்குடிக்கு 612 என்று தொடங்கும், புதுக்கோட்டை ஆலங்குடிக்கு 622. ஒரு இலக்கம் பிசகினால் ஃபேன் மாவட்டம் தாண்டிப் போய்விடும்.

மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஒன்று: உங்கள் மாவட்டம் 2020 டிசம்பரில் தனியாகச் செயல்பட ஆரம்பித்தது. பின்கோடு போட்டதும் இன்னமும் நாகப்பட்டினம் என்று வந்தால் கவலைப்படாதீர்கள். பின்கோடு சரியாக இருந்தால் பார்சல் வந்துவிடும்.

2. முகவரி (இங்கேதான் பாதி ஆர்டர் கவிழ்கிறது)

மேலத்தெரு, கீழத்தெரு, நடுத்தெரு இல்லாத ஊர் டெல்டாவில் ஏது? அதனால் "2/41, மேலத்தெரு" என்று மட்டும் எழுதினால் டெலிவரி செய்கிற பையனுக்கு அது முகவரியே இல்லை. கட்டங்களை இப்படி நிரப்புங்கள்:

வீட்டு எண், தெரு: 2/41, மேலத்தெரு. தெருவுக்கு ஊரில் வேறு பெயர் புழங்கினால் அதையும் சேருங்கள்.
பகுதி: ஊர்ப் பெயர், அஞ்சலகத்தின் பெயர் போட்டு "போஸ்ட்", எந்த ஊர் "வழி".
அடையாளம்: ரேஷன் கடை, ஆரம்பப் பள்ளி, பால் சொசைட்டி, தண்ணீர் டேங்க், இப்படி ஊருக்கு ஒன்றே ஒன்று இருக்கிற இடம்.

"கோயில் எதிரில்" என்று எழுதாதீர்கள். எந்தக் கோயில்? நெல் கொள்முதல் நிலையத்தையும் அடையாளமாகத் தராமலிருப்பது நல்லது. அறுவடை முடிந்த பிறகு அங்கே பூட்டிய கொட்டகைதான் இருக்கும், வழி கேட்கக்கூட ஆள் இருக்காது.

டெலிவரிக் குறிப்பு எழுத இடமிருந்தால் வழியை அப்படியே சொல்லிவிடுங்கள்: "பஸ் ஸ்டாப்பில் திரும்பி, வாய்க்கால் மதகு தாண்டி, இடது கை மூன்றாவது வீடு."

அடுத்தது வரைபடத்தில் புள்ளி வைப்பது. கிராமங்களுக்கு ஆப் தானாக வைக்கிற புள்ளி பெரும்பாலும் வயல் நடுவில் போய் விழும். சாட்டிலைட் காட்சி இருந்தால் அதற்கு மாற்றி, உங்கள் வீட்டுக் கூரை தெரியும்வரை பெரிதாக்கி, புள்ளியை அதன்மேல் இழுத்து வையுங்கள். நம் பக்கத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஆற்றங்கரை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஓரத்து ஊர்களில் புள்ளி அக்கரையில் விழுந்துவிட்டால், வண்டி அக்கரைக்கே போய் நிற்கும். வீடு கண்ணுக்குத் தெரியும், பாலம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்தப் பையன் திரும்பி வரமாட்டான். "டெலிவரி முயற்சி செய்யப்பட்டது" என்று போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். அவன் மேலும் தப்பில்லை.

போன் நம்பர், வீட்டில் சிக்னல் கிடைக்கிற சிம்மாக இருக்கட்டும்.

3. எந்த ஃபேன்

சாதாரண அறைக்கு 1200 மி.மீ., அதாவது 48 அங்குலம். பழைய வகை ஃபேன் 75 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் போல மிச்சம். நான் பி.எல்.டி.சி. பக்கம்தான். ஒன்று மட்டும் கவனம்: சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக இதற்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்புத் தரச் சொல்லுங்கள்.

தேடலில் முதலில் வருகிற இரண்டு மூன்று பொருள்கள் விளம்பரம், தாண்டிப் போங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்களும் உதவாது; இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை, புதியவை மேலே வரும்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். பிறகு மூன்று விஷயம் பாருங்கள்.

விற்பனையாளர் பெயர். தளம் வேறு, விற்பவர் வேறு. ஒரே ஃபேனை நாலு பேர் விற்பார்கள், பில்லும் அவர்கள் பெயரில்தான் வரும். நூறு ரூபாய் குறைவு என்பதற்காகப் புதுப் பெயரிடம் போக வேண்டாம்.

ரிட்டர்ன் வகை. "ரிட்டர்ன்" என்றால் பணம் திரும்ப வரும். "ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்றால் வேறு பொருள்தான் கிடைக்கும். சிலவற்றுக்குக் கம்பெனி ஆள் வந்து பார்த்துச் சொன்னால்தான் மாற்றுவார்கள். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அழுத்திப் படியுங்கள்.

சர்வீஸ். கம்பெனியின் தளத்தில் உங்கள் பின்கோட்டைப் போட்டு, பக்கத்தில் எங்கே சர்வீஸ் சென்டர் என்று பாருங்கள். திருச்சிதான் என்று வந்தால் வேறு கம்பெனி பார்ப்பது நல்லது.

இதெல்லாம் முடிந்ததும் அதே மாடல் எண்ணைச் சொல்லி டவுன் கடைக்கு ஒரு போன் போடுங்கள். 200, 300 ரூபாய்தான் வித்தியாசம் என்றால் கடையிலேயே வாங்கிவிடுங்கள் என்பது என் கட்சி. தள்ளுபடி சதவீதத்தை எம்.ஆர்.பி.யை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்; எந்தக் கடையிலும் யாரும் எம்.ஆர்.பி.க்கு ஃபேன் வாங்குவதில்லை.

ஆன்லைனில் வாங்கவே கூடாது என்று நான் சொல்வது இரண்டு. விதைநெல்லுக்கு வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில் இருக்கிறது. அங்கே எடை போட்டு வாங்கலாம், ஆன்லைனில் அப்படி எடை போட்டுப் பார்த்து வாங்க முடியாது.

4. பணம்

முதல் ஆர்டர் என்றால் கேஷ் ஆன் டெலிவரி. சிறு கட்டணம் சேர்ந்தாலும் பரவாயில்லை. வீட்டு வாசலில் யு.பி.ஐ.யிலும் கொடுக்கலாம். "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்கிற வட்டியில்லாத் தவணையில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டாலும், அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் கட்டணமும் கார்டு பில்லில் வரலாம். ஃபேனுக்கெல்லாம் அது வேண்டாத வேலை.

5. பார்சல் வருகிற நாள்

பெரும்பாலும் இப்படி ஒரு போன் வரும்: "அண்ணே, பார்சல் வந்திருக்கு, உள்ள வண்டி வராது, மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க. அப்படியே ஓ.டி.பி. சொல்லிடுங்க."

ரோட்டுக்குப் போவது உங்கள் இஷ்டம். ஓ.டி.பி.யைப் போனில் சொல்லாதீர்கள். அந்த எண்ணைச் சொன்ன நிமிடமே, பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. "நேர்ல வந்து சொல்றேன் தம்பி" என்றால் போதும், நிஜமான ஆள் ஒத்துக்கொள்வான்.

போலி அழைப்பு வேறு மாதிரி இருக்கும். "முகவரி சரியில்லை, இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் ஒரு எண்ணைத் தருவார்கள். போட்டால் உங்களுக்கு வருகிற அழைப்பெல்லாம் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும், வங்கி ஓ.டி.பி.யைச் சொல்லும் அழைப்பு உட்பட. தெரியாமல் போட்டுவிட்டால் உடனே ##002# டயல் செய்து ரத்து செய்யுங்கள். பணம் போயிருந்தால் 1930, சைபர் குற்ற உதவி எண்.

ஓபன் பாக்ஸ் டெலிவரி என்று ஆர்டரில் இருந்தால், டெலிவரிக்கு வந்தவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் ஓ.டி.பி. அது இல்லாவிட்டால் நீங்களே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள பெயரும் ஆர்டர் எண்ணும் தெரிய ஆரம்பித்து, பெட்டியின் ஆறு பக்கமும் காட்டி, டேப்பை அறுப்பதிலிருந்து கடைசிப் பொருள் வெளியே வரும்வரை ஒரே ஓட்டமாக, நடுவில் நிறுத்தாமல். ஒருவர் பிரிக்க, இன்னொருவர் போன் பிடிக்கட்டும்.

பெட்டிக்குள் இருக்க வேண்டியவை: மோட்டார், மூன்று இறக்கை, தொங்கு கம்பி, மேல் கீழ் இரண்டு கிண்ண மூடி, கொக்கியும் அதன் போல்ட்டு, நட்டு, பின்னும், ரிமோட், வாரண்டி அட்டை. இறக்கைகளைச் சமதரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரமாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் ஒரே அளவாகத் தெரியாவிட்டால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, மாட்டினால் ஃபேன் ஆடும். கையால் நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். மூன்றும் எடை பொருந்திய ஒரு செட், மாற்றுவதானாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும்.

ரிட்டர்ன் நாள் முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அடுப்பெரிக்கவும் கொடுக்காதீர்கள். பில்லை ஆப்பிலிருந்து அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெலிவரி தள்ளிப்போவது சகஜம். தீபாவளித் தள்ளுபடியில் வாங்குவதானால் முதல் நாட்களிலேயே வாங்கிவிடுங்கள். பெட்டி நனைந்து வந்தால் வாங்காமலே திருப்பி அனுப்பலாம்.

6. திருப்பிக் கொடுப்பது

ஆப்பில் ஆர்டரைத் திறந்து, காரணத்தைத் தேர்ந்தெடுத்து, படமும் வீடியோவும் ஏற்றுங்கள். எடுத்துப் போக வருகிறவரிடம் ரசீதோ, "பிக்கப் ஆகிவிட்டது" என்ற செய்தியோ வராமல் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. கேஷ் ஆன் டெலிவரி என்றால் பணம் வர வங்கிக் கணக்கு எண் கேட்கும். ஆப்பிற்குள் மட்டும் கொடுங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் ஒருநாளும் தேவையில்லை.

பின்சேர்க்கை, கேட்டவர்களுக்காக

சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அப்பா அம்மாவுக்கு ஆர்டர் போடுகிறவர்கள்: முகவரியில் அவர்கள் நம்பரைக் கொடுத்தாலும், டெலிவரி ஓ.டி.பி. சில நேரம் உங்கள் கணக்கு நம்பருக்கு வரும். அன்றைக்கு போனை எடுக்கிற நிலையில் இருங்கள்.

டிராக்கிங் எண் "இ" எழுத்தில் தொடங்கி "ஐ.என்." என்று முடிந்தால் பார்சல் ஸ்பீடு போஸ்டில் வருகிறது. ஆப்பைவிட இந்திய அஞ்சல் தளத்தில் நிலவரம் தெளிவாக இருக்கும்.

கைக்கு வராமலே "டெலிவர்டு" என்று காட்டினால் அன்றே ஆப்பில் புகார் போடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போவதானால் கம்பெனித் தலைமையகம் இருக்கிற பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.