கரண்ட் போன இரவில் கேட்ட கிட்டார்

இலங்கையின் ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், நள்ளிரவு தாண்டிச் சிற்றலை (ஷார்ட் வேவ்) ரேடியோ கேட்பது எனக்கு உயிர். ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் சிலர் வார இறுதிகளில் பாட்டு ஒலிபரப்புவார்கள். அதிகமும் 6200 முதல் 6400 கிலோஹெர்ட்ஸுக்குள். பலருடையது சின்ன டிரான்ஸ்மிட்டர்தான். அந்தக் குரல் வானில் உயரே மின்னூட்டம் கொண்ட காற்றடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி இந்த மலை வரை வருவதை நினைத்தாலே சிலிர்க்கும்.

ஆனால் மாதக்கணக்கில் எனக்குக் கிடைத்தது 'கர்ர்' என்ற இரைச்சல் மட்டும். மலைதான் மறைக்கிறது என்று நம்பியிருந்தேன்.

ஒரு சனி இரவு கரண்ட் போனது. ரேடியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் சட்டென்று அடங்கி, உள்ளிருந்து மெல்ல ஒரு கிட்டார்! கரண்ட் வந்ததும் அது மறைந்துவிட்டது.

மறுநாள் கரண்டில் ஓடும் பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். இரைச்சல் கிளப்பியவை எங்கள் போன் சார்ஜர் ஒன்று, எல்.இ.டி. பல்பு ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கத்து அக்காவிடம் சொன்னேன். அவரும் படுக்கப்போகும்போது சார்ஜரைக் கழற்றிவிடுகிறார். அப்புறம் தகரக் கூரைக்குக் கீழே இருந்த ஆண்டெனாவை விட்டு, 12 மீட்டர் வயரை வெளியே கொய்யா மரத்துக்கு இழுத்துக் கட்டினேன். இதுதான் பெரிய மாற்றம். இடி மின்னல் நாட்களில் வயரைக் கட்டாயம் கழற்றிவிடுவேன்.

கேட்பது சரிதானா என்று சந்தேகம் வந்தால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக இணைய ரிசீவரில் (அங்குள்ள ரேடியோவை இங்கிருந்தே இணையம் வழியே கேட்கலாம்) அதே அலைவரிசையை வைத்து ஒப்பிடுவேன். போன சனி இரவு 1.30க்கு இரண்டிலும் ஒரே பாட்டு.