குமரி மாவட்டத்தில் உங்கள் முதல் மவுண்டன் பைக் பாதை: மோசமான நூறு மீட்டரை முதலில் பாருங்கள்

கியர் சைக்கிள் வாங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை தார் ரோட்டில் போய் வந்தாயிற்று. இனி மண் பாதையில் இறங்க வேண்டும், எங்கே போகலாம்? என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு பாதை எவ்வளவு கடினம் என்பதை அதன் நீளம் சொல்லாது. அதில் உள்ள மிக மோசமான நூறு மீட்டர்தான் சொல்லும். ஐந்து கிலோமீட்டர் பாதையில் நாலே முக்கால் கிலோமீட்டர் பாய் விரித்த மாதிரி இருக்கலாம். மீதிக் கால் கிலோமீட்டரில் வேரும் பாறையும் செங்குத்து இறக்கமும் இருந்தால், அது புதியவருக்கு ஆகாது.

இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளை, அதாவது தோட்டம். ஜூன் மாதம். இரண்டு கிலோமீட்டர் சுகமாகப் போனது. கடைசியில் தோட்டுக்கு (ஓடைக்கு) இறங்குகிற இடம், நாற்பது அடி நீளம்கூட இருக்காது. நனைந்த ரப்பர் வேர் ஒன்று பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்தது. முன் டயர் அதன் மேல் ஏறவில்லை, அதன் கூடவே பக்கவாட்டில் வழுக்கிப் போனது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தேன். அந்த நாற்பது அடியை முன்னால் ஒரு தடவை நடந்து பார்த்திருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போயிருப்பேன்.

படி 1: உங்களை அளந்துகொள்ளுங்கள்

பாதையைத் தேடும் முன் பக்கத்து மைதானத்தில் மூன்று சோதனை செய்யுங்கள்.

ஒருவரை உங்கள் பக்கத்தில் சாதாரணமாக நடக்கச் சொல்லுங்கள். அவர் வேகத்திலேயே, கால் ஊன்றாமல், ஐம்பது அடி தூரம் நேராக ஓட்ட முடிகிறதா? கேட்க எளிதாகத் தோன்றும். ஓட்டிப் பார்த்தால் தெரியும், மெதுவாக ஓட்டுவதுதான் கடினம்.

அடுத்து, சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்கிய நிலையில் உருள முடிகிறதா? மண் பாதையில் இறங்கும்போது நாம் இருக்க வேண்டிய நிலை இது. உட்கார்ந்தபடி இறங்கினால் ஒவ்வொரு கல்லும் உங்களைத் தூக்கிப் போடும்.

மூன்றாவது, மண் தரையில் ஒரு கோடு கிழித்து, ஓரளவு வேகமாக வந்து, பின் சக்கரம் இழுபடாமல் அந்தக் கோட்டில் நிற்க முடிகிறதா? இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாகப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று வராவிட்டாலும் இன்னும் ஒரு வாரம் மைதானத்திலேயே இருங்கள்.

படி 2: பச்சை, நீலம் என்றால் என்ன?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் சைக்கிள் பாதைகளுக்கு நிறக் குறியீடு வைத்திருக்கிறார்கள். பனிச்சறுக்குத் தளங்களிலிருந்து வந்த முறை இது. வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நம் மாவட்டத்தில் சானல் (கால்வாய்) கரையில் யாரும் இப்படிப் பலகை நட்டு வைக்கப் போவதில்லை. ஆனால் அந்த அளவுகளைத் தெரிந்துகொண்டால் பலகையை நீங்களே மனதில் நட்டுக்கொள்ளலாம்.

வெள்ளை என்றால் பாதை 72 அங்குலம், அதாவது நாலு முழம் அகலம் இருக்க வேண்டும். தடையே இருக்கக் கூடாது. பச்சைக்கு 36 அங்குலம், இரண்டு முழம் போதும். சராசரி ஏற்றம் 5 சதவீதத்துக்குள் (நூறு அடி போனால் ஐந்து அடி உயர்வு), எந்த இடத்திலும் 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். சுற்றிப் போக வழியில்லாத கல்லோ வேரோ 2 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று விரலைச் சேர்த்துக் கிடையாக வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். நீலத்தில் அகலம் 24 அங்குலமாகக் குறையும், சராசரி ஏற்றம் 10 சதவீதம் வரை போகும், தடை 8 அங்குலம் வரை, அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

புதியவர் வெள்ளையிலும் பச்சையிலும் இருங்கள். நீலம் பிறகு.

ஏற்றத்தை அளக்க உங்கள் போனே போதும். ஒரு நேரான கம்பைப் பாதையின் போக்கிலேயே தரையில் வையுங்கள். அதன் மேல் போனை வைத்து, மட்டம் பார்க்கிற ஆப்பைத் திறங்கள். 3 டிகிரி காட்டினால் ஏறக்குறைய 5 சதவீதம். 6 டிகிரி என்றால் 10 சதவீதம். எட்டரை டிகிரி வந்தால் 15 சதவீதத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நாலைந்து இடத்தில் இப்படி அளந்து பார்த்தால், அப்புறம் கண்ணே பழகிவிடும்.

படி 3: எந்த நிலம்?

குமரி சின்ன மாவட்டம்தான். ஆனாலும் ஒரு மணி நேரப் பயணத்தில் வயல், ரப்பர் மலை, முள் காடு, கடல் மணல் எல்லாம் வந்துவிடும். மண் மாறினால் ஓட்டும் விதமும் மாறும்.

புதியவருக்கு நான் முதலில் சொல்வது சானல் கரை. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்தும், பெருஞ்சாணி அணையிலிருந்தும் வருகிற தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய்கள் மாவட்டம் முழுக்க ஓடுகின்றன. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், புத்தனார், பட்டணங்கால் எனப் பல. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டியே இவற்றை வெட்டியிருக்கிறார்கள். அதனால் வளைந்து வளைந்து போகுமே தவிர, ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. தொடங்குபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆபத்து இங்கே வேறு விதம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலில் இறங்கும் பள்ளம். ஆகவே ஒரு ஜீப் போகிற அளவுக்குக் கரை அகலமாக உள்ள பகுதியை மட்டும் எடுங்கள். ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கும் இடத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். ஓரத்தில் புல் மூடிய இடத்தை நம்ப வேண்டாம், அடியில் மண் அரித்துப் போயிருக்கும். மடை உள்ள இடங்களையும் கவனியுங்கள். ஒரு முறை தோவாளைப் பக்கம் போனபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா கை காட்டி நிறுத்தினார். "மக்ளே, அங்கன மடைகிட்ட கரை இடிஞ்சு கெடக்கு, பாத்துப் போ" என்றார். வளைவுக்கு அந்தப் பக்கம் பாதையில் பாதி இல்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் எதிர்ப்படுகிறவரிடம் நின்று கேட்பேன். எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல் அது.

ரப்பர் விளைகள் இரண்டாம் கட்டத்துக்கு. அருமனை, குலசேகரம், திற்பரப்பு வட்டாரத்தில் சரிவுகளில் தட்டுத் தட்டாக வெட்டி ரப்பர் நட்டிருப்பார்கள். ஒரு தட்டின் போக்கிலேயே போனால் சமதளம், நிழல், அருமையான ஓட்டம். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு இறங்கும் இடம்தான் மோசமான நூறு மீட்டர். அதோடு மழைநீர் சேர மரங்களுக்கு இடையே குழி வெட்டியிருப்பார்கள். இலை உதிரும் காலத்தில் அந்தக் குழி சருகால் நிரம்பித் தரை மாதிரியே தெரியும். முன் சக்கரம் அதில் இறங்கினால் தலைகுப்புறப் போவீர்கள். இளந்தோட்டங்களில் மூடாக்குக் கொடி தரை முழுக்கப் படர்ந்திருக்கும், அதனுள் ஓட்டவே கூடாது. விளைகள் தனியாருடையவை, உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விடியற்காலையில் பால்வெட்டு நடக்கும், வாளியோடு ஆட்கள் குறுக்கே வருவார்கள். அது முடிந்த பிறகு போவது மரியாதை.

செம்மண் மேட்டுப் பாதைகளில் சரலைக் கவனியுங்கள். இறுகிய தரை மேல் உருண்டைச் சரல் கோலிக்குண்டு கொட்டி வைத்த மாதிரி கிடக்கும். அதில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தாலோ, திருப்பத்தில் பிரேக் பிடித்தாலோ சைக்கிள் காலடியிலிருந்து நழுவிவிடும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு, திருப்பத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்குப் போகிற மண் பாதைகள் அகலமானவை, சரிவும் குறைவு. அங்கே எதிரி இரண்டு: உடைமுள், காற்று. கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். கிழக்கே போகும்போது பறக்கிற மாதிரி இருக்கும், திரும்பும்போதுதான் உயிர் போகும். எனவே காற்றை எதிர்த்துத் தொடங்குங்கள், களைத்த பிறகு அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். இங்கும் காற்றாலை நிலங்களுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. மாற்று டியூப் இரண்டு இல்லாமல் போகவும் வேண்டாம்.

கடற்கரை மணலை நான் யாருக்கும் சொல்வதில்லை. உலர்ந்த மணலில் முன் சக்கரம் புதையும், உப்பு செயினைத் தின்றுவிடும்.

மருந்துவாழ் மலை அழகானது, ஆனால் படியும் பாறையுமான அந்த வழி காலுக்கானது. கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு பக்கத்து வனம் வனவிலங்குச் சரணாலயம். யானையும் காட்டெருமையும் உள்ள இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளோடு உள்ளே போவதை நினைக்கவே வேண்டாம்.

படி 4: எந்த மாதம்?

இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும், அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்கும் செம்மண் சரிவுகளைச் சோப்பாக்கிவிடும். நிழலான இடத்தில் பாசி வேறு. அந்த மாதங்களில் மண் பாதையில் ஓட்டினால் விழுவதோடு போகாது. டயர் கிழிக்கும் தடத்தில் தண்ணீர் ஓடி, அடுத்த வருடம் அங்கே ஓடை உருவாகும். அதனால் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய விடுங்கள்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும். அப்போது விளைகளை விட்டுவிட்டு, காற்று அடங்கியிருக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கமோ சானல் கரையோ போகலாம். துளிர் விட்டுச் சருகு மட்கிய பிறகு ரப்பர் விளைக்கு வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் வரும், பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அறுப்புக் காலத்தில் சானல் கரையில் வண்டியும் வைக்கோலும் நிறைந்திருக்கும், அப்போது அது விவசாயிகளுடைய பாதை.

படி 5: நடந்து பாருங்கள்

சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, முழுப் பாதையையும் ஒரு முறை நடங்கள். மூன்று கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம்தான். நடக்கும்போதே மோசமான நூறு மீட்டர் எது என்று முடிவு செய்யுங்கள். அந்த இடத்தின் அடியில் நின்று மேலே பார்க்காதீர்கள், கீழிருந்து பார்த்தால் எல்லா இறக்கமும் சாதுவாகத்தான் தெரியும். உச்சியில் நின்று கீழே பாருங்கள். பிறகு நான்கு கேள்வி.

வேர் பாதைக்கு நேர் குறுக்கே கிடக்கிறதா, சாய்வாகக் கிடக்கிறதா? நேர் குறுக்கே கிடப்பதை ஏறிக் கடக்கலாம், சாய்வானது இழுத்துவிடும். இறக்கம் முடிந்ததும் நேரான சமதளம் இருக்கிறதா, அல்லது உடனே திருப்பமோ, மதிலோ, தண்ணீரோ வருகிறதா? நடுவில் எங்காவது நின்று கால் ஊன்ற இடம் உண்டா? பயம் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போக அகலம் இருக்கிறதா?

என் சித்தி மகன் பதினேழு வயசுப் பையன், முதல் முறை அவனை இப்படித்தான் கூட்டிப்போனேன். உச்சியில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, கீழ கல்லு மதில் இருக்கே" என்று அவனே சொன்னான். அன்றைக்கு அந்த இடத்தை உருட்டிக்கொண்டு கடந்தோம். மீதிப் பாதையை அவன் சந்தோஷமாக ஓட்டினான்.

படி 6: முதல் நாள்

ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு வருகிற மாதிரி திசையை வையுங்கள். ஏறிப் போன பாதையிலேயே இறங்கினால், ஒவ்வொரு கல்லும் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும். போய்த் திரும்ப ஆறு கிலோமீட்டர் போதும். பாதையின் எந்த இடத்திலிருந்தும் தார் ரோட்டுக்கு நடந்தே வந்துவிடலாம் என்கிற மாதிரி பாருங்கள். போனில் சிக்னல் இருக்கிறதா என்று நடந்த அன்றே பார்த்திருப்பீர்கள். 108 எட்டாத இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்.

டயர் காற்றை ரோட்டுக்கு வைக்கிற அளவில் வைக்காதீர்கள். டியூப் போட்ட டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. பொதுவாகச் சரியாக இருக்கும், எடை அதிகமானவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஹெல்மெட், கையுறை, இரண்டு லிட்டர் தண்ணீர். ரப்பர் பக்கம் என்றால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு.

ஆடு, மாடு, புல்லுக்கட்டு சுமந்து வருகிறவர் யார் வந்தாலும் இறங்கி வழி விடுங்கள். சுமையோடு வருகிறவரை ஓரத்துக்குத் தள்ளக் கூடாது.

அதே பாதைக்குக் குறைந்தது நாலு தடவை போங்கள். அந்த மோசமான நூறு மீட்டரை முதல் தடவை உருட்டுவீர்கள், இரண்டாவது தடவை பாதி ஓட்டுவீர்கள். நடுவில் நின்று, கால் ஊன்றி, மறுபடியும் தொடங்கி ஓட்டி முடிக்க முடிகிற நாள் வரும். அந்த வாரம் அடுத்த பாதையை நடந்து பார்க்கக் கிளம்பலாம்.