கானோரத்துப் பூங்குருவியைப் படம் பிடிப்பது எப்படி?

நுவரெலியாவில் ஜனவரி விடியலில் நல்ல குளிர் விழுந்த நாளென்றால் புல் நுனியெல்லாம் உப்புத் தூவினமாதிரி உறைபனி கிடக்கும். அந்த நேரத்தில் விக்டோரியா பூங்காவின் கானோரம், அதாவது தண்ணீர் ஓடுகிற வடிகால் ஓரம், போய்ப் பாருங்கள். இமயமலைப் பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிற பைட் த்ரஷ் என்ற பூங்குருவி சருகு புரட்டிக்கொண்டிருக்கலாம். ஆண் கறுப்பு வெள்ளை, கண்ணுக்கு மேலே தடித்த வெள்ளைப் புருவம், மஞ்சள் அலகு, பெண் மண்ணிறம். இதைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள், நாம் பக்கத்திலேயே நடந்து போகிறோம்.

முதலில் கமரா. பெரிய லென்ஸ் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 70-300 மி.மீ. லென்ஸ் போதும், 55-250 இருந்தாலும் சரி. கைத்தொலைபேசி மட்டும்தான் என்றால் இந்தக் குருவிக்குச் சரிவராது, தூரம் அதிகம்.

அடுத்தது இடம். ஈர மண், நிழல், பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஒரு பற்றை, இந்த மூன்றும் சேருகிற இடத்தைத் தேடிக் கீழே உட்காருங்கள். முதல் வருடம் நான் குருவிக்குப் பின்னாலேயே திரிந்தேன், கிடைத்ததெல்லாம் வால் படம்தான். ஒரே இடத்தில் அசையாமல் இருபது நிமிடம் இருந்தால், இரை இருக்கிற இடத்துக்கு அதுவே திரும்பி வரும். நம் கமரா அதன் கண் உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு மண்ணில் படுக்கத்தான் வேண்டும். ஒருநாள் நான் அப்படிக் கிடந்தபோது கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “என்னா தம்பி, குப்பையவா படம் புடிக்கிறீங்க?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, பின்னால் பொலித்தீன் பை விழாதபடி ஓரடி தள்ளிப் படுத்திருக்கலாம்.

வெளிச்சம். குளிர்காலம் என்றாலும் நம் ஊரில் சூரியன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். ஒன்பது மணிக்குள் இலைகளுக்கிடையே புகுந்து தரையில் வெள்ளைத் திட்டுகளாக விழும். குருவி பாதி வெயில், பாதி நிழல் என்று நின்றால் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். மூடுபனி இறங்கிய நாளில் பலர் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு பிளேன்டீ குடிக்கப் போவார்கள். எனக்கு அதுதான் நல்ல நாள், வெளிச்சம் எல்லாப் பக்கமும் மெதுவாகப் பரவும், கறுப்புச் சிறகிலும் இழை தெரியும்.

இனி அமைப்பு. ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வையுங்கள், ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) தானியங்கியில் 3200 வரை போகட்டும், ஃபோக்கஸ் ஒரே புள்ளி, அது கண்மேல். முக்கியமானது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற, கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட பொத்தான். இருட்டு மண்ணையும் கறுப்புக் குருவியையும் பார்த்த கமரா “வெளிச்சம் காணாது” என்று நினைத்துப் படத்தை வெளுக்கவைக்கும், வெள்ளைப் புருவம் கடதாசித் துண்டு ஒட்டினமாதிரி ஆகிவிடும். என் முதல் வருடப் படங்கள் முழுக்க அப்படித்தான். அந்தப் பொத்தானில் கழித்தல் 0.7 வையுங்கள். கமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கிற ரோ வடிவத்தில் எடுத்தால் இருண்ட பகுதியை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அழுத்தும் நேரம். குருவி நாலைந்து எட்டு வைத்து ஓடும், சட்டென்று நிற்கும், தலையை ஒருபக்கம் சாய்க்கும். அலகால் ஒரு சருகைக் கவ்வி ஓரமாக வீசும், பிறகு மறுபடி அப்படியே உறைந்து நிற்கும். அந்த நிற்கிற நொடியில்தான் அழுத்த வேண்டும், ஓடும்போது 1/250 காணாது. ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனில் குருவிச் சத்தம் போட்டு வரவழைக்கிற வேலையும் வேண்டாம், இரை தேடுகிற பொழுதை நாம் வீணாக்குகிறோம்.

வீட்டுக்குள் போகும் முன் கமராவைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். குளிர்ந்த லென்ஸை நேரே அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.

ஹோர்ட்டன் சமவெளியின் அரெங்கா குளத்துப் பக்கம், இலங்கையில் மட்டுமே வாழ்கிற நீலச் சீட்டிப் பூங்குருவி இருக்கிறது. விடிகிற, இருள்கிற நேரத்தில்தான் பெரும்பாலும் வெளியே வரும் என்பதால் ஆரம்பத்திலேயே அதற்குப் போய் மனம் நோக வேண்டாம். பூங்காவுக்கும் போக முடியாதவர்கள் மரக்கறித் தோட்டத்திலும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் வருடம் முழுக்கத் திரிகிற கரும்பூங்குருவியில் பழகுங்கள். அதுவும் பைட் த்ரஷின் குடும்பம்தான், ஓடி நிற்பதும் அதே மாதிரிதான்.