வங்கித் தவணையும் கான்ட்ராக்டர் பில்லும்

வீடு கட்டக் கடன் வாங்கினால் வங்கி முழுத் தொகையையும் ஒரேயடியாகத் தராது. பொதுவாக அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப் கான்கிரீட், பூச்சு என வேலை முடிந்ததை இன்ஜினியர் பார்த்த பிறகே அடுத்த தவணை வரும். கான்ட்ராக்டருக்குப் பணம் தரும் கட்டங்களையும் இதே வரிசையில் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

"கம்பி விலை ஏறுது சார், அட்வான்ஸ் வேணும்" என்பார் கான்ட்ராக்டர். கொடுத்தபின் வேலை பின்தங்கினால் அடுத்த தவணை நிற்கும். வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும் ஓடும். அவசரமென்றால் கம்பிக் கடையின் வங்கிக் கணக்கிலேயே போட்டு, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் ஒழுகாமல் கடந்தபின் தருவதாகவும் ஒப்பந்தத்தில் சேருங்கள். பாதி வேலையில் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.