கரும்புல இளங்குருத்துப் புழுவுக்கு பிடி பவுடர் அடிக்கறது எப்படி? புதுசா பண்றவங்களுக்கு

ஓமலூர், எடப்பாடி பக்கம் கரும்பு நட்டு ரெண்டு மாசம் ஆகறதுக்குள்ள நடுக்குருத்து மட்டும் காய்ஞ்சு நின்னா, அத புடிச்சு இழுத்துப் பாருங்க. லேசா கையோட வந்துரும், அடியில அழுகி நாத்தம் அடிக்கும். இளங்குருத்துப் புழு உள்ள பூந்துருச்சுன்னு அர்த்தம்.

பிடிங்கறது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு ஒரு பாக்டீரியா. மேல பட்டவுடனே கொல்ற மருந்து இல்லைங்க, புழு அத திங்கணும். தின்னா குடல்ல இருக்கற காரத்துல பாக்டீரியாவோட புரதம் கரைஞ்சு குடலையே ஓட்டை போட்டுரும், சில மணி நேரத்துல தீனி எடுக்கறத நிறுத்திரும், சாக ரெண்டு மூணு நாள் ஆகும். அதனால தண்டுக்குள்ள போயிட்ட புழுவுக்கு டேங்க் டேங்க்கா அடிச்சாலும் வேஸ்ட்டுதான்.

முதல் வேலை முட்டை தேடறது. நட்டு ஒரு மாசத்துல இருந்தே வாரம் ஒருக்கா வயல்ல எறங்கி இலைய திருப்பிப் பாருங்க, அடிப்பக்கம் வெள்ளையா தட்டையா, மீன் செதில் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு வரிசையா ஒட்டியிருக்கும். ஒரு வாரத்துக்குள்ள பொரிச்சிரும், பொரிச்ச குஞ்சுப்புழு கொஞ்ச நாள் இலையுறைய சுரண்டித் தின்னுட்டுதான் தண்டுக்குள்ள போகும். நமக்கு கிடைக்கற டைம் அவ்வளவுதான், இத விட்டுட்டா காசு போச்சு.

கடையில குர்ஸ்டாகி ரகம்னு கேளுங்க, காலாவதி தேதி பாக்காம வாங்காதீங்க. லேபிள்ல இருக்கற அளவுதான் அளவு, பவுடர்னா பெரும்பாலும் லிட்டருக்கு 2 கிராம் வரும், 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். கொஞ்சம் தண்ணியில கூழா கரைச்சு வடிகட்டிட்டு டேங்க்ல ஊத்துங்க. சுண்ணாம்பு, காப்பர் மருந்து எதுவும் கலக்க வேண்டாம், போர் தண்ணி ரொம்ப காரமா இருந்தா வேற தண்ணி எடுங்க, கரைச்சத அன்னைக்கே அடிச்சு தீத்துருங்க. மாஸ்க், கையுறை போட்டுக்கங்க.

அடிக்கறது சாயங்காலம்தான், வெயில் பட்டா பாக்டீரியா சீக்கிரம் செத்துரும். குருத்துக்குள்ள, இலையுறை இடுக்குல, இலை அடியில நல்லா நனையணும். மழை வர்ற மாதிரி இருந்தா தள்ளிப் போடுங்க.

இத மட்டும் தயவுசெஞ்சு மறந்துராதீங்க: நம்ம மாவட்டத்துல பட்டுப்புழு வளக்கறவங்க இருக்காங்க, இந்த பிடி பட்டுப்புழுவையும் கொன்னுரும். ஜப்பான்ல 1901ல இந்த பாக்டீரியாவ முதல்ல கண்டுபுடிச்சதே செத்த பட்டுப்புழுவுலதான். பக்கத்துல மல்பெரி தோட்டம் இருந்தா அடிக்கவே அடிக்காதீங்க, ஒரு குடும்பத்தோட வருமானமே போயிரும். அந்த மாதிரி இடத்துக்கு என்ன பண்ணலாம்னு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க, ட்ரைக்கோகிராமாங்கற, புழுவோட முட்டைய அழிக்கற குட்டிக் குளவி (முட்டை ஒட்டுண்ணி) இருக்கற அட்டைய கட்ட சொல்லித்தருவாங்க.

அடிச்ச மூணாம் நாள் இலையுறைய விரிச்சுப் பாருங்க, புழு கறுத்து தொளதொளன்னு கெடந்தா வேலை செஞ்சிருச்சு. காய்ஞ்ச குருத்த அடியோட வெட்டி அழிச்சுருங்க, உள்ள இருக்கற புழுவும் அதோட போகும். ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு புது முட்டை கண்ணுல பட்டா இன்னொரு தடவ அடிங்க.